சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

கல்பாக்கம்,
ஜூன் 2004

போனை எடுக்காத மகனுக்கு,

நீ புக் செய்துவிட்டுக் கோபித்துக்கொண்டு போன ஸ்போர்ட்ஸ் பைக் வந்துவிட்டதாம். செங்கல்பட்டு ஷோரூமிலிருந்து தினமும் போன். வேண்டாமென்று சொல்லத்தான் போனேன். அந்த சேல்ஸ்மேன் விட்டால்தானே!

"இன்னா சார், இந்தச் செவப்புக்குத்தான் உங்க புள்ள நடையா நடந்துச்சு. இப்ப வாணாம்னா எப்பிடி?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கையெழுத்துப் போட்டுத் தொலைத்தேன்.

பூஜை முடித்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, "ஏறி நசுக்குங்க சார்" என்றான். குப்புறப் படுத்து ஓட்டுகிற வண்டியில் நான் எப்படி ஏறுவது? தானே ஓட்டி நசுக்குவதாகச் சொன்னான். உன் வண்டியை அவன் என்ன முதலில் ஓட்டுவது? டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வண்டி இந்த வாசலில் நிற்கக் கூடாது என்று நான் கத்தினேனே, அதே வாசலில்தான் நிற்கிறது. இங்கேயும் சக்கரத்தடியில் பழம் வைத்து, அதை நசுக்காமல் வண்டியை நகர்த்தக் கூடாது என்கிறாள் உன் அம்மா. பழம் வாடினால் உடனே புதுசு வைக்கிறாள். பேப்பர் எடுக்கக்கூட வழியில்லை.

வீட்டில் ரசத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் மிஞ்சுவதில்லை. வந்து ஏற்றித் தொலை.

அப்பா