கண்ணில் படாத நோட்டீஸ்

அன்பு மகள் வெண்மதிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நல்ல சுகம். அயர்லாந்துக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்ற தைரியத்தில்தான் எங்கள் நாள் போகிறது. போனில் பேசாமல் இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். விஷயம் பெரியது கண்ணு, போனில் சொன்னால் பாதியில் டூட்டி வந்துவிட்டது என்று வைத்துவிடுவாய். நிர்மலாதேவி அக்கா தன் மகனைப் பார்க்க அங்கே வருகிறாள், அவளிடம் கேழ்வரகு மாவும் கொள்ளுப்பொடியும் கொடுத்து அதோடு இதையும் வைக்கிறேன். பொட்டலத்தை அப்புறம் பிரி, முதலில் இதைப் படி.

ஊருக்கு மேற்கே இருக்கிற நம் பாறைக் கரட்டைக் கல்குவாரிக்குக் கேட்டு ஏதோ ஒரு கம்பெனி மனுப் போட்டிருக்கிறது. அந்தக் கரட்டில் பெய்கிற மழைதான் ஏரிக்கு வருகிறது, நாற்பது வீட்டு ஆடு அங்கேதான் மேய்கிறது, ஆனால் ஊரில் ஒருவருக்கும் இது தெரியாது. எனக்குத் தெரிந்ததே நம் செவலை ஆட்டால்தான். போன மாத நடுவில் ஒரு மத்தியானம் அதைக் காணோமென்று தேடிப் போனேன். ஏரிக்கரைக்குக் கீழே இடிந்த மோட்டார் ரூம் இருக்கிறதே, அதன் பின்பக்கம் முள் மண்டிய சந்தில் நுழைந்து, சுவரில் முன்னங்கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு எதையோ தின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் போனால் ஒட்டியிருந்த காகிதம். மைதாப் பசை வாசத்துக்குப் பாதியைத் தின்று முடித்திருந்தது. மிச்சத்தை நான் படித்தேன். குவாரி பற்றி ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம், தேதியைக் கணக்குப் பார்த்தால் கெடு முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது! அடுத்த வியாழக்கிழமை நம் சமுதாயக் கூடத்தில் விசாரணை என்றும் இருந்தது. போனில் படம் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடம் காட்டினேன். "கெடுவே முடிஞ்சிபோச்சி, இனி என்னாமே பண்றது, வுடு" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். அவர் சுபாவம் உனக்குத் தெரியாததா.

எனக்கு மனசு ஆறவில்லை. நம் தெரு மாதேஷ் வீட்டு மாடியில் மலர்விழி என்று ஒரு டீச்சர் குடி வந்திருக்கிறது, மேல்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் எடுக்கிற பெண். அதனிடம் படத்தைக் காட்டினேன். நோட்டீசில் தமிழுக்குக் கீழே நாலு வரி இங்கிலீஷ் இருந்தது. அதைப் படித்துவிட்டு அந்தப் பெண் எழுந்தே நின்றுவிட்டது. "அக்கா, இந்த நோட்டீஸை ஊர்ல கான்ஸ்பிக்யுவஸ் ஆன இடத்துல ஒட்டணும்னு இதுலயே போட்டிருக்குங்க" என்றது. அப்படி என்றால் என்ன என்று கேட்டேன். நீ விட்டுவிட்டுப் போன அகராதி பீரோவில் இருந்தது, எடுத்துப் பார்த்தோம், எளிதில் கண்ணில் படுகிற, எடுப்பாகத் தெரிகிற என்று இருந்தது. அது போதாதென்று டீச்சர் விளக்கிச் சொன்னது, தேடிப் பார்த்தால் தெரிகிறது வேறு, தேடாமலே கண்ணில் வந்து விழுகிறது வேறு, இந்தச் சொல் இரண்டாவதுக்குத்தானாம். கேழ்வரகுக் கொல்லையில் ஒற்றைச் சூரியகாந்தி பூத்திருந்தால் அதைச் சொல்லலாமாம். இன்னொரு வேடிக்கை கேள், காதுகுத்துக்கு எல்லாரும் வந்து தாய்மாமன் மட்டும் வராவிட்டால் அவர் இல்லாததே ஊர் கண்ணில் படும் அல்லவா, அதற்கும் இதே சொல்லைப் போடுவார்களாம். எனக்கு ஒரே ஆச்சரியம். பால் கறக்கும்போதும் அங்கன்வாடியில் சோறு வடிக்கும்போதும் கான்ஸ்பிக்யுவஸ், கான்ஸ்பிக்யுவஸ் என்று சொல்லிப் பார்த்தபடியே இருந்தேன். முதல் இரண்டு நாள் நாக்கு புரளவே இல்லை.

வியாழக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது, நானும் டீச்சரும் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தோம். டீச்சருக்கு அன்றைக்குப் பார்த்து லீவு கிடைக்கவில்லை, நான் தனியாகத்தான் போனேன். விசாரணைக்கு வந்த அதிகாரி ஒரு பெண், உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கம்பெனி ஆள் எழுந்து, நோட்டீஸ் ஒட்டி முப்பது நாள் ஆகிவிட்டது, ஒரு ஆட்சேபணைகூட வரவில்லை என்று சொல்லி, ஒட்டியதற்குப் போட்டோவும் கொடுத்தார். அதில் சுவரும் காகிதமும் மட்டும்தான் தெரிந்தது. அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் நான் கூட்டத்தில் வாய் திறந்ததே கிடையாது. அப்பா என் முந்தானையைப் பிடித்து "சும்மா குந்துமே" என்றார். முந்தானையை உருவிக்கொண்டு எழுந்துவிட்டேன். "அம்மா, கான்ஸ்பிக்யுவஸ் ஆன இடத்துல ஒட்டணும்னு உங்க நோட்டீஸே சொல்லுதுங்க. நீங்க ஊருக்குள்ள வர்றப்ப அது உங்க கண்ணுல பட்டுதுங்களா?" என்று கேட்டேன். அந்த அம்மா பேனாவை மூடிவிட்டு, இல்லை, எங்கே ஒட்டியிருக்கிறது என்று கேட்டார். "வாங்க, காட்டறேன்" என்றேன்.

அவ்வளவுதான், அதிகாரி முன்னால் வர ஊரே பின்னால் வந்தது. மோட்டார் ரூம் சந்தில் நுழைய வழியில்லை, முள். அப்போது யார் கொடுவாளை எடுத்துவந்து முள்ளை வெட்டி வழி விட்டது என்று நினைக்கிறாய்? உன் அப்பா! வெட்டிக்கொண்டே போனார். அப்படியும் அந்த அம்மாவின் துப்பட்டா முள்ளில் மாட்டிக் கிழிந்துவிட்டது. ஆடு தின்றது போக மிச்சமிருந்த காகிதத்தை அவர் பார்த்தார், கிழிந்த துப்பட்டாவைப் பார்த்தார், பிறகு கம்பெனி ஆளைத் திரும்பிப் பார்த்து, "இதுதான் எல்லார் கண்ணுலயும் படுற இடமா சார்?" என்று கேட்டார். அந்த ஆள் வெயிலைப் பற்றி ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற கோவிந்தம்மாள் சிரித்த சிரிப்பு காரிமங்கலம் சந்தை வரை கேட்டிருக்கும்.

வெண்மதி, அந்த அதிகாரி அங்கேயே நின்றபடி உத்தரவு எழுதினார். பழைய நோட்டீஸ் செல்லாது, பஸ் ஸ்டாப்பிலும் ரேஷன் கடையிலும் கோயில் வாசலிலும் பெரிய எழுத்தில் புதிதாக ஒட்ட வேண்டும், அன்றைக்கிருந்து மறுபடி முப்பது நாள். கரடு தப்பித்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன், கம்பெனிக்காரர் விடமாட்டார்கள், இனிமேல்தான் வேலையே. ஆனால் நேற்று வரை நூற்றுப் பதினோரு பேர் ஆட்சேபணை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். முதல் மனு யாருடையது தெரியுமா, அப்பாவுடையது. தன் கையாலேயே எழுதினார். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது, "எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்கிச்சி, உனுக்கு நடுங்கலியாமே?" என்று கேட்டார். எனக்கும் நடுங்கத்தான் செய்தது என்றேன். தட்டைக் கழுவி வைத்தது அவர்தான், நம்பு.

இன்னொன்று கண்ணு. ஆஸ்பத்திரியில் எடுத்தது என்று நீ அனுப்புகிற போட்டோ எல்லாவற்றிலும் ஓரமாக, யார் தோளுக்கோ பின்னால் நிற்கிறாய். அங்கே நீ ஒருத்திதான் நம் நிறம், எல்லாரும் பார்க்கிறார்கள், கூச்சமாக இருக்கிறது என்று போன தீபாவளிக்குச் சொன்னாய். அன்றைக்கு நான் பழகிவிடும் என்று மட்டும் சொன்னேன். கூடத்தில் முந்நூறு பேர் ஒரே சமயத்தில் திரும்பி என்னைப் பார்த்தபோதுதான் நீ சொன்னது எனக்குப் புரிந்தது. காது மடல் வரை சுடுகிறது. கொஞ்ச நேரம் போனால் சூடு இறங்கிவிடுகிறது, பேச வந்ததைப் பேசிவிடலாம். அடுத்த போட்டோவில் கொஞ்சம் நடுவில் வந்து நில்.

நீ நோயில்லாமல், நாலு பேர் நோயைத் தீர்க்கிற கையோடு நூறு வயது இருக்க வேண்டும் என்று முனியப்பனுக்குத் தினமும் கற்பூரம் ஏற்றுகிறேன். தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. மறக்காமல் நீயும் ஆட்சேபணை எழுதி ஈமெயிலில் அனுப்பு, விலாசம் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, கெடு வருகிற இருபத்தி நாலாம் தேதி. எல்லார் மனுவும் தமிழில் போயிருக்கிறது, நீ இரண்டு மொழியிலும் எழுது. அதிகாரியை நம்பி விடாதே, போய்ச் சேர்ந்ததா என்று போன் போட்டுக் கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
மா. காவேரி