சாட்டின ஊரில் ராத்தங்கியவர்கள்

சத்தியவேடு
ஆவணி 5, வியாழன்

அன்பு மகள் தேன்மொழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் உன் தங்கை ஹரிதாவும் கங்கம்மா புண்ணியத்தில் சுகம். நீ சுகமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் போன சனிக்கிழமை நீ பவுண்டரிக் கோடு வரை ஓடி விழுந்து பந்தைத் தடுத்ததைப் போனில் பார்த்துவிட்டேன், அப்படி ஓடுகிறவளுக்கு உடம்பில் ஒரு குறையும் இருக்காது, முழங்கை சிராய்ப்புக்கு மஞ்சள் வைத்தாயா என்பதை மட்டும் எழுது. அன்றைக்கு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். அந்த நெட்டைக்கார ஓப்பனரை நீ உள்ளே திரும்பிய பந்தில் போல்டாக்கினாயே, பேக்கிங் செக்‌ஷன் பெண்கள் நாற்பது பேரும் சூப்பர்வைசரும் போட்ட கூச்சலில் யாரோ படியிலிருந்து விழுந்துவிட்டார்கள் என்று டிரைவர் பிரேக் போட்டுவிட்டார். விஷயம் தெரிந்ததும் வண்டியை ஓரங்கட்டி உன் அடுத்த ஓவரை அவரும் எட்டிப் பார்த்தார். வீட்டுக்கு வர அரைமணி தாமதம். இன்னா இவ்ளோ நேரம் என்று உன் நைனா கேட்டார், உங்க பொண்ணைக் கேளுங்க என்று சொல்லிவிட்டேன்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நான் வாய் திறப்பதற்குள் நீ சரிம்மா சரிம்மா என்பாய், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன், ஹரிதா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவாள். ஆந்திரப் பள்ளிக்கூடத்தில் தெலுங்கு மீடியத்தில் படித்தவள் நீ, என் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், அதுவும் நல்லதுதான், அவசரத்தில் ஒரு வரியையும் தாண்ட முடியாது. ஆனால் சனிக்கிழமைக்குள் படித்துவிடு. சென்னை கிரிக்கெட் லீக்காரர்களுக்கு நீ பதில் சொல்ல அதுதான் கடைசி நாள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் ஒப்பந்தத்தில் நீ கையெழுத்துப் போடப்போகிறாய் என்பதும் தெரியும். அம்மாவுக்காகப் போடுகிறேன் என்று ஹரிதாவுக்கு எழுதியிருக்கிறாய், அவள் மறைக்கத்தான் பார்த்தாள், ஆனால் அவள் வயிற்றில் எந்த ரகசியம் தங்கியிருக்கிறது?

தப்பு என்னுடையதுதான் கண்ணு. சென்னையில் புதிதாக ஒரு லீக், உன்னை எடுத்திருக்கிறார்கள் என்று நீ சொன்ன அன்று நான் நிலைகொள்ளவில்லை. நீ வேலைக்கு நெதர்லாந்துக்குப் போய் நாலு வருஷமும் ஏழு மாசமும் ஆகிறது. ஒவ்வொரு வருஷமும் உன் லீவு முழுக்க அந்த நாட்டு டீமோடு ஊர் ஊராக ஆடப் போவதிலேயே தீர்ந்துபோகிறது, வீட்டுக்கு வர ஒரு நாள் மிஞ்சவில்லை. சத்தியவேட்டில் பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்தில் சென்னை. மூன்று வாரம் நீ அங்கே இருப்பாய், நான் டிபன் கேரியரில் சோறு கட்டிக்கொண்டு வருவேன், உன் தலையைத் தொட்டுப் பார்ப்பேன் என்றுதான் எனக்கு ஓடியதே தவிர வேறு எதுவும் ஓடவில்லை. உடனே கையெழுத்துப் போடுடீ என்று போனில் கத்தினேன். கம்பெனியில் சொன்னேன், பஸ்ஸில் சொன்னேன், எதிர்வீட்டு சென்னம்மாவிடம் இரண்டு தடவை சொன்னேன். அப்புறம்தான் நீ மெதுவாக, அம்மா, அதே தேதியில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று இருக்கிறது, காட்மாண்டுவில், என்றாய். அதை இன்னொரு வருஷம் ஆடேன் என்றேன். நான் சொன்னதிலேயே எனக்குப் பிடிக்காத வார்த்தை அதுதான்.

சென்னம்மாவுக்கு இது தெரிந்ததும் கை கொட்டிச் சிரித்தாள். அது இன்னா நம்ம தேசமாம்மே, யாரோ தேசத்துக்கு ஆடறதுக்கு இத்தினி யோசனையா, வூடு தேடி வர்ற லச்சுமிய எட்டி ஒதைப்பாங்களா என்றாள். எனக்கும் அப்போது அது சரியாகத்தான் பட்டது. பணம் வேண்டாம் என்று சொல்ல நான் ஒன்றும் சாமியார் இல்லை. மூன்று வாரத்துக்கு அவர்கள் தருவதாகச் சொன்ன தொகையைக் கேட்டு உன் நைனா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அந்த நாட்டுக்கு ஆடினால் உனக்குக் கிடைப்பது டிக்கெட்டும் ஜெர்சியும்தானே.

இப்போது கேள், உனக்குத் தெரியாத கதை. நீ அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று இழுத்தாய் அல்லவா, அதை நம்பி லீக் டீமிலிருந்து ஓர் ஆளே நம் வீட்டுக்கு வந்துவிட்டார். பெயர் ஸ்ரீஹரி, திருப்பதிப் பிள்ளை, பெங்களூரில் வேலை, முப்பது வயசு இருக்கும். ஆடிக் கடைசி ஞாயிறு, சாயங்காலம், பெரிய காரில் வந்து இறங்கினார். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல மாட்டேன். பாதி தெலுங்கும் பாதி தமிழுமாக எல்லாவற்றையும் விளக்கினார். ஏம்ப்பா, ஐப்பசியில் அடைமழை என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே, அந்த மாசத்தில் சென்னையில் கிரிக்கெட் வைப்பீர்களா என்று கேட்டேன். ஏம் சேசேதி ஆன்ட்டி, என்ன செய்ய, நல்ல மாசங்களையெல்லாம் பெரிய நாடுகளும் பெரிய லீக்குகளும் பிடித்துக்கொண்டன, மிச்சம் இருந்தது இந்த மூணு வாரம்தான், சின்ன நாடுகளோட மேட்ச் அதுக்குள்ள வந்து மாட்டினா நாங்க இன்னா பண்றது என்றார். உங்களுக்கு மழை மாட்டியது, என் பெண்ணுக்குத் தலைவலி மாட்டியது என்றேன். சிரித்தார். நான் நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தேன், வயிறாரச் சாப்பிட்டவர் அப்படியே கட்டிலில் சாய்ந்து தூங்கிவிட்டார். களைத்த பிள்ளையை எழுப்ப எனக்கும் மனசு வரவில்லை.

அங்கேதான் வம்பு. அன்றைக்குத்தான் கங்கம்மா ஜாத்திரைத் திருவிழாவுக்கு ஊர்ச் சாட்டு. சாட்டுகிறது நம் வீட்டு உரிமை என்பது உனக்குத் தெரியும், உன் நைனா தப்பட்டையை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய், வெளியூர்க்காரங்க இருந்தா பொழுதோட கிளம்பிடுங்க, ராத்தங்கினா ஜாத்திரை முடியறவரைக்கும் எல்லை தாண்டி வேற ஊர்ல படுக்கக் கூடாது என்று சாட்டியிருக்கிறார். பால்காரரை அனுப்பினார், சென்னம்மா வீட்டுக்கு வந்த சம்பந்தியை அனுப்பினார். நாலு எல்லையிலும் சாட்டி முடித்து வீட்டுக்கு வந்து இருட்டிலேயே படுத்துவிட்டார். விடிந்து பார்த்தால் நம் வீட்டுக் கட்டிலிலேயே ஒரு வெளியூர்க்காரர் தூங்குகிறார். ஊருக்குத்தான் உபதேசம் என்று நான் சொன்னதும் உன் நைனா தலையில் கை வைத்துக்கொண்டார். ஸ்ரீஹரிக்கு மறுநாள் மும்பையில் மீட்டிங், ரேணிகுண்டாவில் விமானம். எழுந்தவுடன் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று திருப்பதிக்குப் போன் போட்டார், நம் தெருவுக்கே கேட்கிற மாதிரி அந்த அம்மா போட்ட சத்தத்தை நீ கேட்டிருக்க வேண்டும். கங்கம்மதோ ஆட்டலாரா, கங்கம்மாகிட்ட விளையாட்டாடா என்று அழுகிறார். பாவம், பிள்ளை காரில் வைத்த பையைத் திரும்ப எடுத்து வந்தார்.

நாலு நாள் நம் வீட்டில் இருந்தார் தேன்மொழி. பகலில் நாயுடுபேட்டை வரைக்கும் போய் நெட் பிடித்து ஆபீஸ் வேலை பார்ப்பார், பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவார். ஆபீஸில் திட்டு. மூன்றாம் நாள் உன் நைனாவிடம் வந்து, ஒரே ஒரு ராத்திரி தூங்கினதுக்கா இத்தன கட்டுப்பாடு, இது நியாயமா அங்கிள் என்று கேட்டார். உன் நைனா வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. உன்னை யாரு கட்டிப்போட்டுக்கினு இருக்காங்க தம்பி, காரு இருக்குது, ரோடு இருக்குது, போறதுன்னா போ, எவனும் தடுக்க மாட்டான். ஆனா ஊர்ச் சோறு துன்னுட்டு ஊர்லயே படுத்துட்ட பாரு, அப்பாலிக்கு இந்த ஊருக்கு வர்ற நல்லது கெட்டது உனக்கும் வர்றதுதான், அதான் நியாயம் என்றார். நான் அடுப்பங்கரையில் உளுந்து அரைத்துக்கொண்டிருந்தேன், கிரைண்டரை நிறுத்திவிட்டேன். அவர் அந்தப் பிள்ளைக்குச் சொன்னது எனக்கே சொன்ன மாதிரி விழுந்தது.

ஒரு ராத்திரி தூங்கினதுக்கே இந்தக் கட்டு என்றால், நாலு வருஷம் ஏழு மாசம் அந்த ஊரில் தூங்கியவளுக்கு என்ன கட்டு என்று கணக்குப் பார்த்தேன். காய்ச்சலில் நீ கிடந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது உன் விக்கெட் கீப்பர், ஆஸ்பத்திரி நர்ஸ் என்றாயே அந்தப் பெண். உன் கேப்டன் பள்ளிக்கூட டீச்சர், சம்பளமில்லா லீவு போட்டு ஆட வருகிறார். நீ கேட்டபோது அவர் தாராளமாகப் போய் வா என்றாராமே. உன் போர்டும் தடையில்லை என்று சீட்டுக் கொடுத்துவிட்டதாமே. எவரும் உன்னைக் கட்டிப்போடவில்லை. அதனால்தான் உனக்குத் தூக்கம் வரவில்லை என்பது இப்போதுதான் என் மரமண்டைக்கு ஏறியது. மற்ற பத்துப் பேரும் காட்மாண்டுவில் உலகக் கோப்பைக்கு முட்டி மோதிக்கொண்டிருக்க, உள்ளே திரும்புகிற பந்து போடத் தெரிந்த ஒரே பெண் சென்னையில் விளம்பரப் பலகைக்கு முன்னால் நின்றால் உனக்குச் சோறு இறங்குமா? எனக்கே இறங்காது. சென்னம்மாவிடமும் சொல்லிவிட்டேன், அவள் படுத்த ஊர் அவள் தேசம், போ வேலையைப் பார் என்று. அவள் இரண்டு நாள் பேசவில்லை, நேற்று மோர் கேட்டு வந்துவிட்டாள்.

ஆகையால் எனக்காகக் கையெழுத்துப் போடாதே. உனக்காகப் போட வேண்டும் என்று தோன்றினால் போடு, அப்போதும் நீ என் பெண்தான். ஆனால் அம்மா ஏங்குகிறாளே என்று போடாதே, அந்தப் பாரத்தை என் தலையில் ஏற்றாதே. ஜாத்திரையன்று ஆம்பிளைகள் புடவை கட்டுகிற வழக்கப்படி ஸ்ரீஹரிக்கும் என் பழைய பச்சைப் புடவையைக் கட்டி வேஷம் போட்டுவிட்டார்கள், தெருவெல்லாம் ஆடினார், அவ்வளவு ஆட்டம் அவருக்குள் இருக்கிறதென்று அவர் ஆபீஸுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை கிளம்பும்போது உண்மையைச் சொன்னார், இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் கூப்பிடுவார்கள் என்று உறுதி சொல்ல மாட்டேன் ஆன்ட்டி, வேறொரு பெண்ணை எடுத்துவிடுவார்கள் என்றார். சரி எடுக்கட்டும் என்றேன். சொல்லிவிட்டு உள்ளே வந்து அழுதேன், அதையும் மறைக்கவில்லை. சென்னை மூன்று மணி நேரம்தானே கண்ணு.

அழுது முடித்ததும்தான் எனக்கு மூளை வேலை செய்தது. காட்மாண்டு எங்கே இருக்கிறது என்று ஹரிதாவைக் கேட்டேன். அவள் போனில் தேடிவிட்டு, அம்மா, நேபாளுக்கு இந்தியாக்காரங்களுக்குப் பாஸ்போர்ட் வேண்டாம், வோட்டர் கார்டு போதும் என்றாளே பார், என் கை கால் ஓடவில்லை! இத்தனை வருஷமாக ஓட்டுக்கு மட்டும் எடுக்கிற அட்டை, அதற்கு இப்படி ஒரு சக்தி இருக்கிறதென்று எந்தக் கட்சிக்காரனும் சொல்லவில்லை. கூடூரில் ரயில் ஏறினால் கோரக்பூர், அங்கிருந்து எல்லைக்கு பஸ், எல்லையிலிருந்து காட்மாண்டுவுக்கு ஒரு பஸ். ஹரிதா மூன்று டிக்கெட் போட்டுவிட்டாள், அக்டோபர் பன்னிரண்டு. சூப்பர்வைசர் ரமணாவிடம் பன்னிரண்டு நாள் லீவு கேட்டேன், எதுக்கு என்றார், மேட்ச் என்றேன், எவரிதி, யாரோட மேட்ச் என்றார், மா அம்மாயிதி, என் பொண்ணோடது என்றேன். பஸ்ஸில் உன் விக்கெட்டுக்குக் கத்தியவர்களில் அவரும் ஒருவர், பேனாவைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். உன் நைனாவுக்குத்தான் குளிர் பயம், இப்போதே குல்லாய் வாங்கி, இந்த வெயிலில் போட்டுப் பார்க்கிறார்.

உனக்கு என்ன கொண்டு வரட்டும் என்று எழுது. கோங்குரா ஊறுகாய் இரண்டு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன், ஒன்று உனக்கு, ஒன்று கஞ்சி காய்ச்சிக் கொடுத்த அந்த நர்ஸ் பெண்ணுக்கு, காரம் தாங்குவாளா என்று முதலில் கேட்டுக்கொள். வெறும் வயிற்றில் பிராக்டிஸுக்குப் போகாதே. ஈரத் தலையோடு தூங்காதே. உன் விரலும் தோளும் நோகாமல், உன் டீமில் பதினோரு பேரும் நல்லபடியாக ஆடி ஜெயித்து, கங்கம்மா உங்களுக்குத் துணை இருக்க வேண்டும் என்று நானும் நைனாவும் கும்பிட்டுக்கொள்கிறோம், தீர்க்காயுசாக இரு.

ஒன்றை மட்டும் மறக்காதே. வேலிக்குப் பக்கத்திலிருந்து யாரோ தமிழில் உன் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டால் அது நான்தான். திரும்பாதே, ஓடி வராதே, ஓவரை முடி. நாலு வருஷம் ஏழு மாசம் பொறுத்தவளுக்கு ஆறு பந்து பெரிசில்லை.

இப்படிக்கு,
காட்மாண்டுவுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருக்கும் உன் அம்மா
க. வள்ளி