பெறாத இருபத்திரண்டு மணி பத்து நிமிடம்

அனுப்புநர்:
திருமதி வெர்லீன் ஹார்க்லெஸ், இல்லத்தரசி,
பெண்டில்டன் தெரு, மெம்பிஸ், டென்னசி.

பெறுநர்:
திரு. ஆம்ப்ரோஸ் கில்யார்ட் அவர்கள், இயக்குநர்,
ஹாலிஸ் தெரு கறுப்பினத் திரைக்கலை மையம், மெம்பிஸ்.

பொருள்: 2019ஆம் ஆண்டு வழிகாட்டித் திட்டம் – எனக்கு வழங்கிய நிறைவுச் சான்றிதழை ரத்து செய்து, என் பெயரை மீண்டும் பட்டியலில் சேர்க்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. சான்றிதழ், நாள் 10.06.2019. 2. ஒருங்கிணைப்பாளர் திரு. கார்வின் பூல் அவர்களை 16.07.2019 அன்று நேரில் சந்தித்தது.

மதிப்பிற்குரிய ஐயா,

கர்த்தருடைய சமாதானம் தங்கள் அலுவலகத்தில் தங்குவதாக. சான்றிதழ் வேண்டி எழுதுபவர்களைத் தாங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். நான் கைக்கு வந்த சான்றிதழைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி எழுதுகிறேன்.

1. எனக்கு வயது ஐம்பத்தெட்டு. புதிய பெத்தானி பாப்டிஸ்ட் சபையில் ஒன்பது ஆண்டுகளாக ஆராதனையைப் படம்பிடித்து, வெளியே வர முடியாத நோயாளிகளுக்குக் கொடுத்து வருகிறேன். கேமராவை நூலகப் புத்தகங்களிலிருந்தும் என் சொந்தத் தவறுகளிலிருந்தும் கற்றேன். தற்போது எங்கள் சபையில் வருபவர்களை வரவேற்று இடம் காட்டி அமர்த்தும் வாசல் ஊழியப் பெண்களைப் பற்றிப் பத்தொன்பது நிமிட ஆவணப்படம் ஒன்றை எடுத்து வருகிறேன். ஆராதனை முடியும்வரை அவர்கள் வாய் திறப்பதில்லை. வெள்ளைக் கையுறை அணிந்த விரல்களாலேயே எங்கே இடம் காலி, யாருக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

2. இதில் எனக்கு ஒரே ஒரு சிக்கல். கையுறை தெளிவாகத் தெரியும்படி வெளிச்சத்தை வைத்தால் முகம் இருண்டுவிடுகிறது. முகத்துக்கு ஏற்றபடி வைத்தால் கையுறை வெள்ளைத் திட்டாகி, விரல் எத்தனை என்று எண்ண முடியவில்லை. முதல் முயற்சியைச் சபைக் கூடத்தில் போட்டுக் காட்டியபோது, வாசல் ஊழியத் தலைவி சகோதரி ஓசெல்லா டேட், "அடியே வெர்லீன், கையுறை மட்டும் தானா நடந்து வருதே, நான் எங்கடி போனேன்? முப்பத்தொரு வருஷம் நின்னதுக்கு இதானா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பின் சிரிப்பு வரவில்லை. நம் நிறத்து முகத்தைப் படம்பிடித்துப் பழகியவரிடம் இதைக் கேட்க வேண்டும் என்றுதான் தங்கள் திட்டத்துக்கு விண்ணப்பித்தேன்.

3. எனக்கு வழிகாட்டியாக ஒளிப்பதிவாளர் செல்வி டெல்ஃபின் ரக்கர் அவர்களை நியமித்தீர்கள். பன்னிரண்டு செவ்வாய்க்கிழமைகள், தலா இரண்டு மணி நேரம். மார்ச் 5 அன்று பத்து நிமிடம் தாமதமாக வந்தார். என் படத்தைப் பார்த்ததும், "அம்மா, இது எனக்கும் இருந்த கஷ்டந்தான். நம்ம முகத்தை நெனச்சு இந்தக் கேமராவ யாரும் செய்யலை. வாயால சொன்னா புரியாது. அடுத்த வாரம் என் வெளிச்ச மீட்டரோட வர்றேன், கையைப் புடிச்சுக் காட்டித் தர்றேன்" என்றார். அந்த ஞாயிறே, ஆராதனையில் அவரவர் கண்ட நன்மையைச் சொல்லும் சாட்சி நேரத்தில் எழுந்து நின்று, கர்த்தர் எனக்கு ஒரு ஆசிரியரை அனுப்பினார் என்று சபையார் முன் ஸ்தோத்திரம் சொன்னேன். அவசரப்பட்டுவிட்டேன்.

4. அடுத்த வாரம் அவர் வரவில்லை. "மன்னிச்சுக்கங்கம்மா, அட்லான்டாவுல ஒரு டிவி தொடர்ல வேலை கெடைச்சிருக்கு. திரும்பி வந்ததும் மொத வேலை நீங்கதான்" என்று செய்தி அனுப்பினார். அவர்மேல் எனக்குப் புகார் இல்லை. அப்படி ஒரு வாய்ப்புக்காகப் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தவருக்குக் கதவு திறந்திருக்கிறது. தினமும் காலையில் அவருக்காக ஜெபிக்கிறேன்.

வேறொருவரை அனுப்புவதாக அலுவலகத்தில் சொன்னதால், மார்ச் 12 முதல் மே 21 வரை பதினொரு செவ்வாய்க்கிழமைகளும் தவறாமல் வந்தேன். வேறு யாரும் அனுப்பப்படவில்லை. வந்த நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் வீட்டுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்திருக்கிறேன். மையத்தின் வரவேற்பு மேசையில் உட்காரும் திருமதி ஈடா, "மறுபடியும் நீங்களா! அந்த நாற்காலில உங்க பேரை எழுதிரட்டுமா?" என்பார். கேலியாகச் சொன்னாலும் அந்தக் கட்டடத்தில் என் பெயர் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மற்றவர்கள் தங்கள் வழிகாட்டிகளோடு ஒரே திரையின் முன் இரண்டிரண்டு பேராகத் தலை சேர்த்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் கதவு திறந்தபோது, "நிறுத்து, நிறுத்து. இந்த எடத்துல ஏன் வெட்டுன?" என்று யாரோ யாரையோ கேட்டது காதில் விழுந்தது. ஐயா, என் படத்தில் ஒரு காட்சியை வெட்டி அடுத்ததைச் சேர்த்த இடங்கள் இருநூற்றுப் பதினான்கு உள்ளன. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் உண்டு. கேட்பார் இல்லை. என் கணவர் லூஷியஸ் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருப்பார். அவரிடம் காட்டினால், "ரொம்ப நல்லாருக்கும்மா" என்பார். ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்வார்.

5. ஜூன் 14 அன்று தபாலில் சான்றிதழ் வந்தது. 'இருபத்து நான்கு மணி நேர நேரடிப் பயிற்சியை முழுமையாகப் பெற்றார்' என்று அதில் உள்ளது. நான் படிப்பதற்கு முன்பே என் கணவர் பெருமையில் அதைப் போதகரிடம் கொடுத்துவிட்டார். ஜூன் 23 ஆராதனையில் போதகர் அதை உயர்த்திப் பிடித்து வாசித்தார். சபையார் எழுந்து நின்று கைதட்டினார்கள். வாசல் ஊழியப் பெண்கள் வரிசையாகக் கையுறைக் கைகளை உயர்த்தினார்கள். அப்போதே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். தலைகுனிந்து நின்றேன். வெளியே வரும்போது சகோதரி ஓசெல்லா என் கையைப் பிடித்து, "இப்பத்தான் படிச்சு முடிச்சிட்டியே, இனி என் மூஞ்சி தெரியும்ல?" என்றார். "தெரியும்" என்று சொன்னேன். அது பொய்.

6. ஜூலை 16 அன்று திரு. பூல் அவர்களைச் சந்தித்தேன். பதிவேட்டில் என் பயிற்சி மணி நேரங்களைத் தாமே நிரப்பியதாக ஒப்புக்கொண்டார். "வெர்லீன் அம்மா, உங்க ஒருத்தர் கட்டம் காலியா இருந்தா நிதி குடுக்கறவங்க கேள்வி கேப்பாங்க. அடுத்த வருஷம் நம்ம ஆளுங்களுக்குத்தான் ரெண்டு எடம் கொறையும். பேசாம ஃப்ரேம் போட்டு மாட்டுங்க" என்றார். திட்ட விதி ஆறின்படி, நிறைவு செய்தவர் மறுபடி விண்ணப்பிக்க முடியாது என்றும் சொன்னார்.

அவர் கெட்டவர் அல்ல. அவர் சொன்னதும் உண்மைதான். அதனால்தான் மூன்று வாரம் இதை யாரிடமும் சொல்லவில்லை. சபையில் சொன்னால் மையத்துக்குக் கெட்ட பெயர், மையத்தில் சொன்னால் நம்மவர்களுக்கு நஷ்டம். ஜெபத்தில் மட்டும் சொன்னேன். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற கட்டளையில், நல்ல காரியத்துக்காக என்றால் சொல்லலாம் என்று எழுதியிருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

7. ஆகவே, தங்களிடம் நான் பணிவுடன் வேண்டுவது: இத்துடன் உள்ள சான்றிதழை ரத்து செய்யுங்கள். நான் பெற்றது ஒரு மணி ஐம்பது நிமிடம் என்று பதிவேட்டில் திருத்துங்கள். பயிற்சி பெறாதவளாக என் பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் மீண்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாசல் ஊழியர் தினம் அக்டோபர் 13, ஞாயிறு. ஆண்டில் அந்த ஒரு நாள்தான் அத்தனை பேரும் ஒன்றாக வரிசையில் வருவார்கள். அதற்கு முன் யாராவது ஒருவர் என் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். அவர் பெரிய பெயர் எடுத்தவராக இருக்க வேண்டியதில்லை.

வரும் ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்து, நான் இன்னும் கற்கவில்லை என்று சொல்லப் போகிறேன். மையத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சபைக்குச் சொல்லும் முன் தங்களுக்குச் சொல்வது முறை என்பதால் இன்று எழுதுகிறேன்.

படத்தின் ஒரு பகுதியையும் இணைத்துள்ளேன். மூன்றாவது நிமிடத்தில் ஒரு ஜோடிக் கையுறை கதவருகே நிற்கும். அதற்கு மேலே சகோதரி ஓசெல்லா சிரித்துக்கொண்டிருக்கிறார். தாங்கள் பார்க்கும்போது அது தெரியாது. அதனால் எழுதி வைக்கிறேன்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) வெர்லீன் ஹார்க்லெஸ்

இடம்: மெம்பிஸ்
நாள்: 08.08.2019

இணைப்பு: 1. அசல் சான்றிதழ். 2. நோட்டுப் பக்கத்தின் நகல். 3. படப்பகுதி, நான்கு நிமிடம்.

இம்மனுவின் நகல்: யாருக்கும் அனுப்பப்படவில்லை.