இரண்டு பெண்கள், ஒரு கைபேசி

மார்ச் 4, செவ்வாய்

காலையில் கணக்கெடுப்புப் பெண் வந்தாள். பெயர் அகல்யா. கையில் டேப்லெட், காலில் அம்பத்தூர்ப் புழுதி. ஆண்களில் எத்தனை பேரிடம் சொந்தக் கைபேசி இருக்கிறது, பெண்களில் எத்தனை பேரிடம் என்று அளக்கிறார்களாம். சமத்துவத்துக்கு அதுவும் ஓர் அளவுகோல்.

"இந்த வீட்டில் ஆண்களே இல்லை. இரண்டு பெண்கள், இரண்டு கைபேசிகள். நூற்றுக்கு நூறு, எழுதிக்கொள்" என்றேன். முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்தவள். சதவீதம் சொல்ல எனக்கு டேப்லெட் வேண்டாம்.

அவள் எழுதவில்லை. "ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா கேக்கணும் மேடம். கொஞ்சம் உள்ள போறீங்களா?"

என் வீட்டில் என்னை உள்ளே போகச் சொன்ன முதல் ஆள்.

போனேன். ஒட்டுக்கேட்பது இழிவு என்று கான்வென்டில் சிஸ்டர் சொல்லித்தந்திருக்கிறார். ஆகவே ஒட்டுக்கேட்கவில்லை, மிக்சியைப் போடாமல் சமையலறையில் நின்றேன், அவ்வளவுதான்.

கோமளா, காலமான என் கணவரின் தங்கை. அறுபத்து மூன்று வயது. ஆவடியில் சீருடை தைத்து ஓய்வு பெற்றவள். அவள் சொன்னது:

"போனா? கீது. ஆனா என்கிட்ட இல்ல. அண்ணி பீரோல வெச்சி பூட்டிகினு கீறாங்க. யாராச்சும் கூப்ட்டா அவங்களே பேசி வெச்சிருவாங்க."

"அப்ப, சொந்தமா இல்லைன்னு போடவா?"

"இன்னாவோ போட்டுக்கோ கண்ணு. கேட்டா, எல்லாம் என் நல்லதுக்குன்னுவாங்க."

ஐம்பது சதவீதம். ஐம்பது வாங்கியவர்களை நான் எப்படிப் பார்ப்பேன் என்று என் மாணவிகளைக் கேட்டால் தெரியும்.

மார்ச் 5

பூட்டியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. டிசம்பரில் எவனோ பேங்க் மேனேஜர் என்று பேச, கார்டு எண் பதினாறு இலக்கத்தையும் அவனுக்கு நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினாள். நான் பிடுங்கினேன். நல்லவேளை, ஒன்றும் போகவில்லை.

ஆனால் அது டிசம்பர். மூன்று மாதத் தண்டனை நான் வேலை பார்த்த பள்ளியிலேயே கிடையாது.

மார்ச் 6

கோமளா ரசம் மட்டும் வைத்தாள்.

மார்ச் 7

நேற்று முன்தினம் எழுதியது முழுக் கதை இல்லை. மீதியையும் எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரியில் வசந்தகுமாரி கூப்பிட்டாள். கோமளாவோடு பக்கத்து மெஷினில் தைத்தவள். ஆவடி பக்கம் கோவில்பதாகையில் தனியாக இருக்கிறாள். முழங்கால் ஆபரேஷன், ஒரு மாதம் கோமளா வந்து துணைக்கு இருப்பாளா என்று கேட்டாள். "அவளுக்கு உடம்பு சரியில்லை" என்றேன். கோமளாவிடம் மூச்சு விடவில்லை.

கார்டு எண்ணுக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரைத் திருத்துவது — அதுதான்.

எழுதிவிட்டேன். படிக்க நன்றாக இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

கைபேசியை எடுத்துக் கொடுத்தேன். விஷயத்தையும் சொன்னேன்.

"எனக்கு ஒடம்பு சரியில்லன்னா சொன்னீங்க? கல்லு மாரி கீறேன் அண்ணி! அவ அங்க தனியா கால இஸ்துகினு கெடந்திருப்பா!"

'மன்னித்துக்கொள்' வாயில் வரவில்லை. "சாரி" என்றேன். ஆங்கிலத்தில் எனக்கு வெட்கம் குறைவு.

"அத அவகிட்ட சொல்லுங்க." தானே எண்ணை அழுத்திக் கையில் திணித்தாள். சொன்னேன். வசந்தகுமாரி பெரிய மனுஷி: "உடுங்கக்கா. இப்ப தேவல. குச்சி வெச்சிகினு நடக்கிறேன்."

"கோமளாவை அனுப்பி வைக்கிறேன்" என்று முடித்தேன். கோமளா கைபேசியைப் பிடுங்கினாள். "யாரும் அனுப்ப வேணாம். நானே வரேன்டி!"

மார்ச் 10

போய்விட்டாள். ஒரு பை, தலையணை, சார்ஜர். வாசலில் நின்று "யாரிடமும் ஓடிபி சொல்லாதே" என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மார்ச் 14

ரசம் வைத்தேன். திருத்த ஆள் இல்லாததால் உப்பு கூடிப்போய் அப்படியே இருந்தது.

மார்ச் 19, புதன்

காலையில் கூப்பிட்டேன். பிஸி. மறுபடி கூப்பிட்டேன். கட் செய்தாள். கட்! பிறகு ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அண்ணி, சீட்டு ஆடிகினு கீறோம், அப்பால பேசறேன்." பின்னால் வசந்தகுமாரி சிரிப்பது கேட்டது. இரண்டு முறை போட்டுக் கேட்டேன். சரி, நான்கு முறை.

மதியம் உட்கார்ந்து, பிழை பார்த்து, ஒரே ஒரு வரி அனுப்பினேன்: "சனிக்கிழமை நானும் அங்கே வரலாமா?"

இரண்டு டிக்கும் நீலமாகி நாற்பது நிமிடம் ஆகிறது. சோறு ஆறுகிறது. கைபேசியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.