எழுந்து நிற்கிறவர்

மார்ச் 4
யாரையாவது திட்ட வேண்டும். நேரில் வாய் வராது. அதனால் இந்தத் தாளின் தலையில் கொட்டுகிறேன், மன்னிக்கணும். பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலப்பக்கம் விழுந்ததிலிருந்து, அவரைத் தூக்கித் தூக்கி அம்மாவுக்கு இடுப்பு போய்விட்டது. வீட்டுக்கே உதவியாளரை அனுப்பும் அரசுத் திட்டம் இருக்கிறது. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, எழுந்து நிற்பது – இவற்றில் குறைந்தது இரண்டைத் தானாகச் செய்ய முடியாதவருக்குத்தான் கிடைக்குமாம். விதிகளை நான்தான் படித்துச் சொன்னேன். இந்த வீட்டின் ஒரே டிகிரி அதற்காவது உதவட்டும்.

மார்ச் 11
நாளை அதிகாரி பார்க்க வருகிறார். அம்மா அப்பாவின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடுகிறாள். வேண்டாம் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை.

மார்ச் 12
அப்பா எழுந்து நின்றுவிட்டார். ஆயுசு முழுக்க ஆலை வாசலில் வாச்மேன். கார் வந்தால் எழுந்து சல்யூட் அடித்தே பழகிய உடம்பு. அந்த அதிகாரியம்மா செருப்பைக் கழற்றுவதற்குள் கட்டில் கம்பியைப் பிடித்து, ஒற்றைக் காலில், தாடை நடுங்க.

“பரவாயில்லையே ஐயா, நல்லா நிக்கிறீங்க. சட்டை யாரு போட்டுவிட்டா?”

“நானே போட்டுக்கிட்டேன்மா.”

ஒவ்வொரு பித்தானாகப் போட்டுவிட்ட அம்மா தரையைப் பார்த்தாள். நான் மட்டும் என்ன கிழித்தேன்? ஊமை மாதிரி நின்றேன். அந்தம்மா என்னைப் பார்த்து, படிச்ச பொண்ணு வீட்டிலேயே இருக்கும்போது என்ன கவலை என்று சிரித்தாள். சிரிப்பா அது?

அவள் தெருமுனையைத் தாண்டவில்லை, அப்பா கட்டிலில் சரிந்தார். வேட்டியெல்லாம் நனைந்திருந்தது.

மார்ச் 27
தகுதி இல்லையாம்.

மார்ச் 28
அண்ணன் போனில் குதிக்கிறான். அப்பாவிடம் நான் முன்கூட்டியே சொல்லித் தொலைத்திருக்க வேண்டுமாம். எப்போதாவது எட்டிப் பார்க்கிறவனுக்கு வாய் மட்டும் நீளம். அவன் சொல்வது சரி என்பதுதான் இன்னும் எரிகிறது.

ஏப்ரல் 9
குளியலறையில் அம்மா வழுக்கி, இரண்டு பேரும் தரையில். “ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு ஆளு கேளும்மா” என்றார் அப்பா. அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் – வேண்டாம், எழுதவில்லை.

ஏப்ரல் 10
அப்பாவை மறுபடி வந்து பாருங்கள் என்று கேட்க அலுவலகத்துக்கே போனேன். முதல் தடவை சொன்னது எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஏப்ரல் 20
நாளை மறுபடி வருகிறாள், அதே அதிகாரியம்மா. வெள்ளைச் சட்டை எங்கே என்று அப்பா மாலையிலிருந்தே கேட்கிறார். துவைக்கவில்லை என்றேன். முகம் சுருங்கிவிட்டது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்பா, நாளைக்கு அவங்க வந்தா எழுந்திரிக்காதீங்கப்பா.”