பானெட்டுக்கு வைத்த பாக்கெட்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், ஜீப்பும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் என்றால் நீ பாதியிலேயே வண்டி ஏறியதா இல்லையா என்று அவசரப்படுத்துவாய், பின்னாலிருந்து உன் அப்பா நான் சொல்வதையெல்லாம் திருத்துவார். கடிதத்தில் இரண்டு பேருடைய வாயும் மூடியிருக்கும். அதனால்தான் ஆற அமர உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாமல் வரிசையாகப் படி.

போன முறை பாதி மலையில் ஜீப் கொதித்து நின்றதிலிருந்து உனக்கு என் மேல் கோபம், அது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி நர்ஸம்மா தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பாறை மேல் உட்கார்ந்திருந்தார், நான் ரேடியேட்டர் ஆறட்டும் என்று துண்டால் விசிறிக்கொண்டிருந்தேன், கடைசியில் பெட்டிக்குள் ஐஸ் கரைந்து மருந்து வீணாகி இரண்டு பேரும் வெறும் கையோடு இறங்கி வந்தோம். மலை மேல் குடியிருப்பில் பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தயாராக வைத்திருந்தவர்கள் இருட்டும் வரை பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை. அடுத்த தடவையும் நின்றால் வேறு வண்டி பார்க்க வேண்டியதுதான், அந்த வண்டிக்காரர் தார் ரோடு முடியும் இடம் வரைதான் வருவாராம், மேலே இருப்பவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்து இறங்கட்டும் என்றார். அதே சூட்டில் நீயும் போன் செய்து, வண்டியை விற்றுவிட்டு இரண்டு பேரும் என்னோடு வந்து இருங்கள், அறை தயார் செய்துவிட்டேன், டிக்கெட் போடுகிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னாய். இன்னொரு தடவை ஏறிப் பார்க்கிறேன், நின்றுவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று நானும் வாக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பட்டறைக்காரரிடம் வண்டியை விட்டேன். ரேடியேட்டரைக் கழுவினார், பெல்ட்டை மாற்றினார், மூடியை மாற்றினார். எல்லாம் செய்துவிட்டு, அக்கா, இது நோய் இல்லை, புழுக்கம் என்றார். பழைய இன்ஜினை எடுத்துவிட்டு வேன் இன்ஜினை வைத்தோமே, அது இந்தச் சின்ன பானெட்டுக்குள் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதாம், சூடு வெளியே போக வழியில்லையாம். பானெட்டில் துளை போட்டு மேலே கூம்பு மாதிரி ஒரு மூடி வைப்பார்களாமே, ஸ்கூப் என்கிறார்கள், ரெடிமேடாகவே கிடைக்குமாம். அவர் சொன்ன விலைக்கு நம் ஜீப்பில் பாதியை வாங்கலாம். நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உன் அப்பாவுக்கோ முகமெல்லாம் பல். ஆயுசு முழுக்கச் சட்டை தைத்த மனுஷன், துணிக்குச் செய்வதைத் தகரத்துக்குச் செய்ய முடியாதா, பானெட்டுக்கு ஒரு பாக்கெட் வைத்தால் போச்சு என்று கிளம்பிவிட்டார்.

நம் பழைய வாஷிங் மெஷின் பின்பக்கம் செத்துக் கிடந்ததே, அதன் பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றியாயிற்று. துளைக்கு வலை வேண்டும் என்று என் மாவுச் சல்லடை போயிற்று, கேட்டு எடுக்கவில்லை, தேடும்போதுதான் சொன்னார். பிரவுன் பேப்பரை எடுத்துக்கொண்டு திறந்த பானெட்டுக்கு அடியில் தலையை விட்டு, காந்தத்தால் ஒட்டி, சாக்பீஸால் வரைந்தார். உள்பக்கம் இருக்கும் பட்டைச் சட்டங்களை வெட்டக்கூடாது, அது சட்டைக்குத் தோள் தையல் மாதிரி, அதை அறுத்தால் மொத்தமும் தொய்ந்துவிடும் என்று எனக்கு வகுப்பு வேறு. சைலன்சர் குழாய் கிளம்பும் பக்கம்தான் கொதிக்கிற பக்கம், அதற்கு நேர் மேலே துளை வரும்படி அழகாகத்தான் குறித்தார். ஆனால் தையல்காரர்கள் துணியின் உள்பக்கத்தில்தானே குறிப்பார்கள், பிறகு திருப்பிப் போடுவார்கள். அந்தப் பழக்கத்தில் பேப்பரைப் பட்டறைக்காரரிடம் கொடுத்துவிட்டுத் திருப்பிப் போடச் சொல்லாமலே டீ குடிக்கப் போய்விட்டார். பட்டறைக்காரர் பாவம், சாக்பீஸ் கோடு தெரியும்படி மூடிய பானெட் மேல் விரித்து, கோட்டின் மேலேயே வெட்டிவிட்டார். துளை பேட்டரிக்கு நேர் மேலே வந்து உட்கார்ந்தது. உன் அப்பா திரும்பி வந்து பார்த்தார், தொண்டையைச் செருமினார், பேட்டரிக்கும் காற்று வேண்டும்தானே என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் நின்றேன். சட்டைப் பாக்கெட் மாதிரியே நேர்த்தியாக, வாய் முன்பக்கம் பார்க்க, அங்கேயே ஸ்கூப்பை வைத்து அடித்தும் விட்டார்கள்.

நீ சொன்னதை உன் அப்பா கேட்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மெதுவாக ஏறும் வண்டிக்கு முன்பக்கத்து வாயால் காற்று உள்ளே வராது, உள்ளே இருக்கும் சூடு தானாக மேலே எழும்பி வெளியே போக வழி வேண்டும், வாய் பின்பக்கம் பார்க்கட்டும் என்று நீ அன்றைக்கே போனில் சொன்னாய். பின்னால் வாய் வைத்த பாக்கெட்டை எவன் பார்த்தான், ஊர் சிரிக்கும் என்று அவர் ஒரே பிடியாக நின்றார். சரி, நம்ப வேண்டாம், பானெட் முழுக்க நூல் துண்டு ஒட்டி ஓட்டிப் பாருங்கள், நூல் பொய் சொல்லாது என்று நீ சொன்னாயே, அதுதான் அவரை மடக்கியது. நூல் என்றால் அவரால் மறுக்க முடியுமா? பெட்டியைத் திறந்து விதவிதமான கலரில் வெட்டி ஒட்டினார். நேர் ரோட்டில் நான் வேகமாகப் போனபோது எல்லா நூலும் வாரிய தலைமுடி மாதிரி பின்பக்கம் படிந்தன, அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மலைப் பாதையில் முதல் கியரில் ஊர்ந்தபோது எல்லாம் செத்து விழுந்தன, ஸ்கூப் வாயில் ஒட்டிய நூல் அசையவே இல்லை. ஆனால் கொதிக்கிற பக்கத்தில், முன் கண்ணாடிக்குக் கீழே பானெட் முடியும் இடுக்கில் ஒட்டியிருந்த சிவப்பு நூல்கள் மட்டும் எழுந்து நின்று ஆடின. சூடு தன் வழியைத் தானே காட்டுகிறது என்று எனக்கே புரிந்தது. உன் அப்பா வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்துவிட்டார், மறுநாள் எழுந்ததும் பிரவுன் பேப்பரைத் தேடினார்.

இந்த முறை பேப்பரில் மேல் பக்கம் எது கீழ்ப் பக்கம் எது என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். கொதிக்கிற பக்கத்தில் புதுத் துளை, ஸ்கூப்பைக் கழற்றி வாய் கண்ணாடியைப் பார்க்கும்படி திருப்பி அங்கே வைத்தார்கள். பழைய துளைக்குத் தகர ஒட்டு, ரிவிட் எல்லாம் தையல் போட்ட மாதிரி ஒரே இடைவெளியில் இருக்கிறது, அதை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். மழை பெய்தால் சூட்டுக் குழாய் மேல் தண்ணீர் விழக்கூடாதே என்று துளைக்குக் கீழே கொஞ்சம் இறக்கி ஒரு தகரத் தட்டு, ஓரத்தில் ரப்பர் குழாய், தண்ணீர் தரைக்குப் போய்விடும். இன்ஜின் ஓடும்போதே நான் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி ஊற்றினேன், இன்ஜின் அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே செலவு என்றால் பட்டறைக் கூலியும் ரிவிட்டும்தான், மற்றதெல்லாம் வீட்டைச் சுரண்டி எடுத்தது. பார்க்க லட்சணமாக இருக்கிறதா என்று கேட்காதே, வண்டிக்கு மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் முதுகு வீங்கியிருக்கிறது. தெருவில் இருப்பவர்கள் ஒட்டகம் வந்தாச்சு என்கிறார்கள்.

முந்தாநாள்தான் அந்தப் பயணம். நர்ஸம்மா ஏறும்போதே என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. உன் அப்பா வரவேண்டாம் என்றால் கேட்கிறாரா, தண்ணீர் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாள் மலை ஏறும்போதெல்லாம் இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் இறக்குவதற்காக உள்ளே இருக்கும் ஹீட்டரைப் போட்டுவிடுவேன், வெயில் காலத்திலும் நர்ஸம்மா வேர்த்து ஊற்றிக்கொண்டுதான் வருவார். இந்தத் தடவை போடவில்லை. போடாமல் ஏறினால்தான் ஏறியது என்று அர்த்தம் என்று எனக்கு ஒரு வீம்பு. முதலில் சூட்டு வாசனை உள்ளே அடித்தது, வைப்பருக்குக் கீழே இருக்கும் காற்றுத் திறப்பை மூடினேன், நின்றது. போன தடவை நின்ற வளைவுக்கு வந்தபோது சூடு காட்டும் முள் மேலே போக ஆரம்பித்தது. அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, உன் வீட்டில் நீ தயார் செய்த அறையின் ஜன்னல் தோன்றியது. படத்தில் அனுப்பியிருந்தாயே, அந்த ஜன்னல்தான், அதற்கு முன்னால் நான் உட்கார்ந்திருப்பது போல. கண்ணாடிக்கு முன்னால் ஸ்கூப்பிலிருந்து கிளம்பிய சூட்டில் பாதை நெளிந்து தெரிந்தது. முள் சிவப்புக்கோட்டுக்கு இப்பால் வந்து நின்று நடுங்கியது. வளைவு தாண்டியது, அடுத்த வளைவும் தாண்டியது, முள் கொஞ்சம் இறங்கியது. நர்ஸம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார், "அக்கா, எனக்குக் குளிருது, கண்ணாடியை ஏத்திக்கட்டுமா?" என்றார். ஏத்திக்கோங்கம்மா என்று சொல்லிவிட்டு அடுத்த வளைவுக்கு ஹாரன் அடித்தேன்.

மேலே போய்ச் சேர்ந்து இன்ஜினை அணைத்ததும் பிள்ளைகளோடு எல்லாரும் வண்டியைச் சுற்றிக்கொண்டார்கள். ஊசி போட்டு முடிப்பதற்குள் ஒரு பெண் ஸ்கூப் வாயில் கையை நீட்டிக் குளிர் காய ஆரம்பித்தாள், இன்னொருத்தி குழந்தையின் ஈரத் துணியை அதன் மேல் விரித்தாள். உன் அப்பாவுக்குக் கோபம் மூக்கின் மேல், இது அடுப்பில்லை என்று கத்தினார். ஆனால் அந்தத் துணியை மெதுவாக எடுத்து, காய்ந்துவிட்டதா என்று பார்த்து, மடித்துத்தான் கொடுத்தார். இறங்கி வந்ததும் பெரிய டாக்டரிடம் நர்ஸம்மாவே போய்ச் சொல்லிவிட்டார். அடுத்த பயணத்துக்கும் நம் வண்டிதான்.

இப்போது நீ படிக்க வேண்டியதற்கு வருகிறேன், கோபப்படாமல் படி. நின்றால் வருகிறேன் என்றேன், நிற்கவில்லை, அதனால் வரவில்லை என்று வண்டியின் தலையில் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். அப்படிச் செய்ய மனசில்லை. நின்றிருந்தாலும் எனக்கு வர இஷ்டமில்லை, கொடுத்த வாக்குக்காக வந்திருப்பேன், வந்து உன் வீட்டில் நல்லபடியாகச் சாப்பிட்டுத் தூங்கி உள்ளுக்குள் வாடியிருப்பேன். உன் மேல் பாசம் குறைந்து அல்ல. நீ சின்னவளாக இருந்தபோது என் ஹாரன் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடி வருவாய், இப்போது உனக்கு அது தேவையில்லை, நன்றாக வளர்ந்துவிட்டாய், எனக்கு அதில் பெருமைதான். மேலே அந்தச் சத்தத்துக்கு இன்னும் ஆட்கள் ஓடி வருகிறார்கள். என்னால் முடிகிற வரைக்கும் நான் அதை அடிக்க வேண்டும். உனக்கு ஒரு தேவை என்றால் மட்டும் ஒரு வார்த்தை சொல், அடுத்த பஸ்ஸில் இருப்பேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, நீண்ட நாள் நன்றாக வாழ வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. எங்களுக்குப் போட்ட டிக்கெட்டை நாளைக்கே ரத்து செய்துவிடு, மறந்துவிடாதே. அந்தப் பணத்தில் இந்தப் பக்கம் வர உனக்கு ஒரு டிக்கெட் போட்டுக்கொள். முன் சீட்டில் உன்னை உட்கார வைத்து மேலே கூட்டிப்போகிறேன், நர்ஸம்மா ஒரு நாள் பின்னால் உட்காருவதாகச் சொல்லிவிட்டார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
வண்டி ஓட்டிக்கொண்டே இருக்கப்போகும்
உன் அம்மா