மூன்றாவது துணை வினா

மன்னியுங்கள் சார். போனவர்களுக்குக் கடிதம் எழுதுவது உங்களுக்குப் பிடிக்காது. இரங்கல் கூட்டங்களில் மைக்கைப் பிடித்துக்கொண்டு இறந்தவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுகிறவர்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். ஆனாலும் எழுதுகிறேன். எழுதித் தருவதைத் தவிர வேறு எப்படி நான் உங்களிடம் பேசியிருக்கிறேன்?

இன்று காலை திருத்தங்கல் பஸ் நிறுத்தத்தில் உங்கள் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போஸ்டரை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பசை காயவில்லை, மை வாசனையும் போகவில்லை. நான்கு வண்ணம், கனமான தாள். 'அச்சுத் தொழிலின் காவலரே' என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே சிறு அச்சகக்காரர்களின் சங்கம் என்று இருந்தது. படத்தில் உங்கள் தோளில் ஒரு பொன்னாடை. அது எந்த நாளில் எடுத்த படம் என்று புரிந்தது. என் பஸ் வந்தது, நான் ஏறவில்லை.

ஊரே உங்களை அண்ணாச்சி என்றது. எனக்கு மட்டும் நீங்கள் சார். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான் என்பதற்காக அப்பா வேலை கேட்டு உங்கள் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குக் கூட்டிவந்தார். சங்கத் தலைவரின் அச்சகத்தில் தாள் வெட்டும் மெஷினில் நிற்பவர் அவர். நீங்கள் கேட்ட எதற்கும் எனக்குக் குரல் எழவில்லை. "பேச வராட்டா போகுது. நீ எழுதிக் குடும்மா, நான் பேசிக்கிறேன்" என்றீர்கள். சட்டமன்றத்தில் நீங்கள் எழுப்பிய கேள்விகள் அப்படித்தான் என் மூலை மேசையில் உருவாயின.

பள்ளிப் பிள்ளைகளுக்கான நோட்டு அச்சடிக்கும் அரசு டெண்டரைப் பற்றிச் சங்கத்தார் வந்து முறையிட்ட அன்று அலுவலகத்தில் நாற்காலி போதவில்லை. இதே வேலையை ஏற்கெனவே மூன்று வருடம் அரசுக்குச் செய்தவர் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்று ஒரு நிபந்தனை. அதனால் வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கே வருடா வருடம் வேலை போனது. நீங்கள் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "ஏற்கெனவே மூணு தடவ கல்யாணம் பண்ணவனுக்குத்தான் பொண்ணு குடுப்போம்ங்கிறாகளா?" என்றீர்கள். அறை சிரித்தது. தலைவர் மட்டும் கண்ணைத் துடைத்தார். "இத நீங்கதான் கேக்கணும் அண்ணாச்சி. இல்லாட்டா இந்த சீசனோட ஷட்டர இழுத்துவிட வேண்டியதுதான்" என்றார்.

நீங்கள் ஆளும் கூட்டணியில் இருந்தீர்கள். சொந்தப் பக்கத்து அமைச்சரைக் கேள்வி கேட்டால் அடுத்த தேர்தலில் சீட்டு இருக்காது என்று கட்சியிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, அமைச்சர் பதில் சொன்ன பிறகு எழுப்பும் துணை வினாக்களை எழுதச் சொன்னீர்கள். மூன்று எழுதினேன். முதலாவது, அந்த நிபந்தனை ஏன் என்று. இரண்டாவது, நம் மாவட்டத்து அச்சகங்களுக்கு என்ன வழி என்று. மூன்றாவது, டெண்டர் எடுத்த கம்பெனி வேலையை வேறு கைக்கு மாற்றி விடக்கூடாது என்ற விதி கடைப்பிடிக்கப்படுகிறதா என்று. மூன்றாவதைச் சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குத்தான் எழுதினேன்.

சங்கத்தார் நேரில் பார்க்க வேண்டும் என்றார்கள். பார்வையாளர் மாடத்துக்கு நீங்களே கையெழுத்துப் போட்டு அனுமதிச் சீட்டு வாங்கித் தந்தீர்கள். நானும் அவர்களோடு மாடத்தில் உட்கார்ந்தேன். வணக்கம் போடக்கூடாது, கை தட்டக்கூடாது, குனிந்து பேசக்கூடாது என்று காவலர் வரிசை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார்.

முதல் துணை வினாவுக்கு அமைச்சர், தரம் முக்கியம் என்றார். இரண்டாவதற்கு அவர் தாளைப் பார்க்கவே இல்லை. உறுப்பினரின் ஊர்க்காரர்கள் நேற்று மாலை தன் வீட்டுக்கு வந்து பொன்னாடை போர்த்திவிட்டுப் போனதாகவும், கம்பெனியின் வேலையை இந்த வருடம் அவர்களே தங்கள் அச்சகங்களில் அச்சடிக்கிறார்கள் என்றும், அவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை என்றும் சொன்னார். "சந்தேகம் இருந்தால் அதோ, மேலேதான் இருக்கிறார்கள். உறுப்பினரே கேட்டுக்கொள்ளலாம்" என்று மாடத்தைக் காட்டினார்.

சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சங்கத் தலைவர் எழுந்து கை கூப்பிவிட்டார். காவலர் ஓடி வந்து அவரை உட்கார வைத்தார். கீழே மேசைகளைத் தட்டிய சத்தம் அடங்க வெகுநேரம் ஆனது.

நான் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் சார். அமைச்சர் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டார் என்பது எனக்கு அந்த நொடியே தெரிந்தது. வேலை கை மாறியிருக்கிறது, விதி மீறப்பட்டிருக்கிறது, அதை அவரே சபையில் பெருமையாகச் சொல்லிவிட்டார். சம்பிரதாயத்துக்கு எழுதிய மூன்றாவது கேள்வி உங்கள் கையில் இருந்தது. "உறுப்பினருக்கு இன்னும் ஒரு துணை வினா உண்டு" என்றார் பேரவைத் தலைவர். நீங்கள் தாளைப் பார்த்தீர்கள். மாடத்தை நிமிர்ந்து பார்த்தீர்கள். "நன்றி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டீர்கள்.

மதியம் சட்டமன்ற விடுதி அறைக்கு அவர்கள் இன்னொரு பொன்னாடையோடு வந்தார்கள். ஊரிலிருந்து கிளம்பும்போதே இரண்டு வாங்கியிருந்தார்கள். "கோவிச்சுக்கிடாதீக அண்ணாச்சி. நீங்க கேள்வி போட்டதாலதான் கம்பெனிக்காரக கூப்பிட்டுப் பேசுனாக. நமக்கு லோடு வந்துருச்சுல்ல" என்றார் தலைவர். கம்பெனி வாங்கும் விலையில் பாதிகூட இவர்களுக்கு வராது. அது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நீங்கள் சிரித்தபடி தோளைக் கொடுத்தீர்கள். ஒருவர் செல்போனில் படம் எடுத்தார். இன்று காலை போஸ்டரில் பார்த்தது அந்தச் சிரிப்புதான்.

எழும்பூர் பிளாட்பாரத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, நான் கேட்காத கேள்விக்கு நீங்களே பதில் சொன்னீர்கள். "கேட்டிருந்தா அம்புட்டு மெஷினும் நின்னுருக்கும்மா. உங்க அப்பா மெஷினும் சேத்துத்தான். அவங்க பொழப்புல மண்ணள்ளிப் போடவா நான் அங்க போனேன்?"

அந்த வார்த்தைக்குப் பிறகு நமக்குள் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. கட்சி மிரட்டியபடியே அடுத்த தேர்தலில் சீட்டு தரவில்லை. அலுவலகத்துக்கு வந்துபோகிறவர்கள் குறைந்தார்கள். சங்கத்தின் ஆண்டு விழா அழைப்பிதழில்கூட உங்கள் பெயர் இல்லை. நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர்களில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இறந்த பிறகு காவலர் ஆக்கிவிட்டார்கள்.

இப்போது நான் புது உறுப்பினரின் அலுவலகத்தில் இருக்கிறேன். அந்த அம்மாவும் என்னை எழுதித்தான் தரச் சொல்கிறார். போன வாரம் தலைவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். கம்பெனி இந்த வருடம் விலையை இன்னும் குறைத்துவிட்டதாம். "பாப்பா, மேடத்துட்ட சொல்லி சபையில ஒரு கேள்வி போடச் சொல்லு. கேள்வி போட்டாத்தான் நம்மளக் கூப்பிடுவாக" என்றார். கூப்பிட்டால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. என் அம்மா காப்பி கொண்டுவந்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை அப்பா நின்றுகொண்டே இருந்தார்.

அவர் போன பிறகு கேள்வியை எழுதினேன். அவர் கேட்டது அல்ல. நீங்கள் கேட்காமல் உட்கார்ந்தது. இந்த முறை அதைத் துணை வினாவாக வைக்கவில்லை, முதல் கேள்வியாகவே வைத்திருக்கிறேன். யார் யார் அச்சகத்தில் யாருடைய வேலை ஓடுகிறது என்று அமைச்சர் சபையில் சொல்லியாக வேண்டும். சொன்னால் வேலை நிற்கும். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "சீசன் நேரம், பாத்துக்க" என்று மட்டும் சொன்னார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

நாளைக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும். மேடத்தின் அறை வாசல்வரை இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டேன். தலைவருக்குப் பயந்து அல்ல. கதவைத் தட்டப் போகும்போதெல்லாம் நீங்கள் பிளாட்பாரத்தில் சொன்னது காதில் விழுகிறது. உங்களை ஏமாற்றியவர்கள் மேல் உங்களுக்குக் கோபம் வரவில்லை. எனக்கு வருகிறது சார். உங்கள் மேலும் வருகிறது. பாதி விலைக்கு மெஷின் ஓடுவதைப் பொழப்பு என்று நீங்கள் சொல்லிவிட்டதால், அதைத் தொட என் கை கூசுகிறது.

இதுவரை உங்களிடம் நான் எதையும் கேட்டதில்லை. சம்பளம்கூட நீங்களாகத் தந்ததுதான். இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன். பொழப்பு என்ற அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் சார். நான் கதவைத் தட்ட வேண்டும்.